சிட்டுக்குருவி கணக்கு எழுதுறீங்களா? பார்த்ததை மட்டும் எழுதுங்க! பறவைப் பட்டியல் போடும் புதியவர்கள் கவனிக்க வேண்டியவை

சென்னை:-

காலையில் பால் வாங்கப் போகும்போது மயிலாப்பூர் மாட வீதியில் கழுத்தில் பைனாகுலர், கையில் செல்போனுடன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும் ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். இவர்கள் வீட்டு மனை பார்க்க வந்தவர்கள் அல்ல. பறவை எண்ணுகிறவர்கள். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன பறவை, எத்தனை என்று செல்போனில் பதிவு செய்கிறார்கள்.

தி.நகர் பனகல் பார்க், அடையாறு ஆறு கடலில் கலக்கும் இடம், பெசன்ட் நகர் கடற்கரை என்று எங்கே வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். பணம் கட்ட வேண்டியது இல்லை. பெரிய படிப்பும் தேவை இல்லை. ஆட்டோ ஸ்டாண்டில் சவாரிக்காக நிற்கும்போதுகூட 15 நிமிஷம் எண்ணலாம்.

ஆனால் புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஆர்வக்கோளாறில் சில தப்புகளைச் செய்துவிடுகிறார்கள். ஒருத்தர் போடும் தப்புக் கணக்கு அவரோடு போவதில்லை. ஊர் கணக்கையே கெடுத்துவிடுகிறது. அது எப்படி? சரியாக எழுதுவது எப்படி? இதுபற்றிய விவரம் வருமாறு:-

டவர் கதை

சென்னையில் சிட்டுக்குருவி பேச்சு வந்தாலே எல்லோரும் சொல்வது ஒன்றுதான். 'செல்போன் டவர் வந்துச்சு, குருவி செத்துப் போச்சு' என்பார்கள். 2018-ம் ஆண்டு வந்த ரஜினியின் '2.0' படத்துக்குப் பிறகு இந்தப் பேச்சு இன்னும் பலமாகிவிட்டது.

2020-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் குஜராத் மாநிலம் காந்திநகரில் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஒரு அறிக்கை வெளியிடப்பட்டது. நாடு முழுக்க பொதுமக்கள் எழுதிய பறவைப் பட்டியல்களை வைத்துத்தான் அந்த அறிக்கையைத் தயாரித்தார்கள். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கடந்த 25 ஆண்டுகளில் சிட்டுக்குருவியின் நிலை பெரிதாக மாறவில்லை என்று அதில் தெரியவந்தது. ஆனால் சென்னை, பெங்களூர், மும்பை, டெல்லி, கொல்கத்தா, ஐதராபாத் ஆகிய 6 பெருநகரங்களில் மட்டும் குருவி குறைந்து வருகிறது.

டவர் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. குஞ்சுகளுக்கு ஊட்ட புழு பூச்சி இல்லாததும், கூடு கட்ட இடுக்கு இல்லாததும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஓட்டு வீடு போய் கண்ணாடி கட்டிடம் வந்தால் குருவி எங்கே போகும்?

2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அடுத்த அறிக்கை வந்தது. 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதிய 3 கோடிக்கும் அதிகமான பதிவுகளை வைத்து 942 வகைப் பறவைகளின் நிலையை அதில் அலசி இருக்கிறார்கள். இதில் சம்பளம் வாங்கிக்கொண்டு எண்ணியவர்கள் ரொம்பக் குறைவு. பெரும்பாலும் வேலைக்குப் போகிற, படிக்கிற, ரிட்டயர் ஆன சாதாரண ஜனங்கள்தான்.

எந்தப் பறவையைக் காப்பாற்ற வேண்டும் என்பதை இந்த மாதிரி கணக்கை வைத்துத்தான் பேசுகிறார்கள். அதனால் கணக்கு நேர்மையாக இருக்க வேண்டியது அவசியம்.

எப்படி ஆரம்பிப்பது?

'இ-பேர்டு' என்ற ஆப் இருக்கிறது. அமெரிக்காவில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவை ஆய்வகமும் ஆடுபான் என்ற அமைப்பும் சேர்ந்து 2002-ல் இதைத் தொடங்கின. இந்தியாவில் 'பேர்ட் கவுண்ட் இந்தியா' என்ற கூட்டமைப்பு இதைக் கவனித்து வருகிறது.

ஆப்பை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பெயர் கொடுத்து கணக்கு தொடங்கிவிட்டு, எண்ண ஆரம்பிக்கும்போது தொடங்கு பட்டனை அழுத்த வேண்டும். நேரமும் நடந்த தூரமும் தானாகப் பதிவாகிவிடும். பார்த்த பறவையின் பெயருக்கு எதிரே எண்ணிக்கையைப் போட வேண்டும். முடித்ததும் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

இனி, கடைப்பிடிக்க வேண்டிய பழக்கங்களைப் பார்ப்போம்.

1. காக்காவையும் எழுதுங்க

புதியவர்கள் செய்யும் முதல் தப்பு இதுதான். மீன்கொத்தி பார்த்தால் எழுதுவார்கள். கிளி பார்த்தால் எழுதுவார்கள். காக்கா, புறா, மைனாவை விட்டுவிடுவார்கள். 'காக்காவைப் போயி எவன் எழுதுவான்?' என்று சிரிப்பார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 30 வருஷத்துக்கு முன்னால் மயிலாப்பூர் அரிசிக்கடை வாசலில் குருவி கொட்டிக் கிடந்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எத்தனை இருந்தது? 50-ஆ, 500-ஆ? யாருக்கும் தெரியாது. தினமும் பார்க்கிற குருவிதானே என்று அன்றைக்கு யாரும் எழுதி வைக்கவில்லை. இன்றைக்கு சண்டை போடுகிறோம், ஆனால் கையில் பழைய கணக்கு இல்லை.

இன்றைக்கு காக்காவை எழுதாமல் விட்டால் 30 வருஷம் கழித்து நம்ம பிள்ளைகளும் இதே மாதிரி முழிப்பார்கள். எனவே பார்த்த எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

2. பார்க்காததை எழுதாதீங்க

'நேத்து இங்கதான் மரங்கொத்தி இருந்துச்சு, இன்னிக்கும் இருக்கும்' என்று எழுதக்கூடாது. கூட வந்த நண்பர் பார்த்தார், நீங்கள் பார்க்கவில்லை என்றால் அது உங்கள் கணக்கில் வராது. நாளை எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு ஞாபகத்தில் இருந்து அள்ளிப் போடுவதும் ஆபத்து. அங்கேயே, அப்பவே எழுதிவிட வேண்டும்.

சிலர் யார் அதிக வகை பார்த்தது என்று போட்டி போடுகிறார்கள். போட்டி தப்பில்லை. போட்டிக்காக ஒரு பெயரைச் சேர்ப்பதுதான் தப்பு. இல்லாத குருவியை இருப்பதாக எழுதினால், 'அதான் நிறைய இருக்கே' என்று யாரும் அதைக் கவனிக்காமல் போய்விட வாய்ப்பு இருக்கிறது.

3. இல்லை என்பதும் ஒரு கணக்கு

பட்டியலை அனுப்பும்போது ஆப் ஒரு கேள்வி கேட்கும். 'உங்களுக்கு அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதிவிட்டீர்களா?' என்பதுதான் அந்தக் கேள்வி. ஒன்று விடாமல் எழுதி இருந்தால் மட்டும் 'ஆம்' என்று சொல்ல வேண்டும். பிடித்ததை மட்டும் எழுதி இருந்தால் 'இல்லை' என்று சொல்வதுதான் நேர்மை.

'ஆம்' என்று சொன்ன பட்டியலில் சிட்டுக்குருவி பெயர் இல்லை என்றால், அந்த நேரத்தில் அந்த இடத்தில் குருவி கண்ணில் படவில்லை என்று அர்த்தம். இதே தெருவில் 100 பட்டியல் வந்து அதில் 5-ல்தான் குருவி என்றால் நிலைமை புரிந்துவிடும். தப்பாக 'ஆம்' போட்டால் இருக்கிற குருவியும் இல்லாததாகிவிடும்.

வெளிநாடுகளில் 'ஜியோகேச்சிங்' என்று ஒரு புதையல் விளையாட்டு நடக்கிறது. ஜி.பி.எஸ். கருவியை வைத்து, யாரோ ஒளித்து வைத்த டப்பாவைத் தேடிப் பிடித்து உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். 2000-ம் ஆண்டு மே 3-ந்தேதி அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் முதல் டப்பாவை வைத்தார். அந்த விளையாட்டிலும் இதே மரியாதைதான். கையெழுத்துப் போடாமல் 'கண்டுபிடித்தேன்' என்று எழுதக்கூடாது. தேடியும் கிடைக்காவிட்டால் 'கிடைக்கவில்லை' என்று வெட்கப்படாமல் எழுத வேண்டும். அப்போதுதான் டப்பா காணாமல் போனது வைத்தவருக்குத் தெரியவரும். டப்பாவுக்கே அப்படி என்றால் உயிர் உள்ள குருவிக்கு சொல்லவா வேண்டும்?

4. குருவி எல்லாம் சிட்டுக்குருவி இல்லை

நம்ம ஊரில் சின்னதாக எது பறந்தாலும் குருவிதான். ஆனால் கணக்கு எழுதும்போது அப்படி எழுத முடியாது.

சிட்டுக்குருவியில் ஆணுக்கு தலை உச்சி சாம்பல் நிறமாக இருக்கும். தொண்டையில் கறுப்பாக ஒரு பட்டை இருக்கும். பெண் வெளிறிய பழுப்பு நிறம். கண்ணுக்குப் பின்னால் வெளிர் கோடு தெரியும். இரண்டுக்கும் அலகு தடித்து இருக்கும்.

செம்பருத்திப் பூவில் வளைந்த நீள மூக்கை விட்டு தேன் குடிப்பது தேன்சிட்டு. வாலைத் தூக்கிக்கொண்டு செடிக்குள் ஓடுவது தையல்சிட்டு. ஏழெட்டாகச் சேர்ந்து தரையில் குதித்து சத்தம் போடுவது தவிட்டுக்குருவி. வயிற்றில் புள்ளி புள்ளியாக இருந்தால் புள்ளிச்சில்லை. இது எல்லாமே வேறு வேறு.

காக்காவிலும் இரண்டு உண்டு. கழுத்து சாம்பல் நிறமாக இருந்தால் வீட்டுக் காக்கா. உடம்பு முழுக்க கறுப்பு, அலகு பெரிதாக இருந்தால் அண்டங்காக்கா. குயிலில் ஆண்தான் கறுப்பு. பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளியோடு இருக்கும். இதைப் பார்த்துவிட்டு 'புதுப் பறவை' என்று ஏமாறுகிறவர்கள் உண்டு. வானத்தில் வட்டமிடுவது எல்லாம் கழுகு இல்லை. சென்னையில் பெரும்பாலும் அது கரும்பருந்து. தலையும் மார்பும் வெள்ளை, உடம்பு செங்கல் நிறம் என்றால் செம்பருந்து.

தெரியவில்லை என்றால் தெரியாததாகவே விட்டுவிடலாம். 'ஏதோ ஒரு கொக்கு' என்ற அளவில் எழுதவும் ஆப்பில் வசதி இருக்கிறது. ஊகம் பண்ணி பெயர் போடுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

5. ஆப் சொன்னால் போதுமா?

'மெர்லின்' என்று இன்னொரு ஆப் உண்டு. பறவைச் சத்தத்தைக் கேட்டு பெயர் சொல்லும். கற்றுக்கொள்ள நல்ல உதவி. ஆனால் ஆட்டோ ஹாரன், கோயில் மணி, அணில் கத்தல் எல்லாம் கலந்து கேட்கும் நம்ம தெருவில் அது தப்பாகவும் சொல்லலாம்.

மெர்லின் ஒரு பெயரைக் காட்டினால், அந்தப் பக்கம் திரும்பி பறவையைத் தேடுங்கள். கண்ணால் பார்த்தோ, நன்றாகத் தெரிந்த குரல் என்றாலோ மட்டும் எழுதுங்கள். செல்போன் காட்டியது என்று அப்படியே எழுதக்கூடாது.

6. எண்ணிக்கையை விடாதீங்க

எண்ணாமல் வெறும் 'இருந்தது' என்று குறிக்க ஆப்பில் ஆங்கில 'எக்ஸ்' போடலாம். ஆனால் அதில் பிரயோஜனம் குறைவு. 2 குருவியா 20 குருவியா என்பதுதானே முக்கியம்.

சாயங்காலம் கிளிக்கூட்டம் கத்திக்கொண்டே போகும்போது ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் 10 கிளியை எண்ணிக்கொள்ள வேண்டும். அந்த அளவு போல எத்தனை பங்கு போகிறது என்று பார்த்து பெருக்க வேண்டும். தோராயம் என்றாலும் பரவாயில்லை. வேண்டுமென்றே கூட்டக்கூடாது.

நான்கு பேர் சேர்ந்து போனால் ஒருத்தர் மட்டும் பட்டியல் எழுதி மற்ற 3 பேருக்கும் ஆப்பிலேயே பகிர்ந்து கொடுக்க வேண்டும். ஆளுக்கு ஒன்று தனித்தனியாகப் போட்டால் 5 குருவி 20 குருவியாகிவிடும்.

மயிலாப்பூரில் எண்ணியதையும் அடையாறில் எண்ணியதையும் ஒரே பட்டியலில் போடக்கூடாது. இடத்துக்கு ஒரு பட்டியல் வேண்டும். கூண்டில் வளர்க்கும் பறவையை எண்ணிக்கையில் சேர்க்கக்கூடாது. நம்ம ஊர் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்து வளர்ப்பதே 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது குறிப்பிடத்தக்கது.

7. கூடு இருக்கும் இடத்தை ஊருக்குச் சொல்லாதீங்க

இதில்தான் உயிர் ஆபத்தே இருக்கிறது. பழைய கட்டிடத்தின் பொந்தில் கூகை ஆந்தை குஞ்சு பொரித்திருப்பதைப் பார்த்துவிட்டு, போட்டோ எடுத்து, தெருப் பெயரோடு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டால் என்ன ஆகும்? மறுநாள் காலையில் 20 பேர் செல்போனோடு நிற்பார்கள். பிளாஷ் வெளிச்சம் அடிப்பார்கள். தாய்ப் பறவை பயந்து கூட்டைவிட்டே போய்விடலாம்.

அதைவிட மோசம், ஆந்தையை மாந்திரீகத்துக்குப் பிடித்து விற்கும் கும்பல். தீபாவளி நெருங்கும் நேரத்தில் வட மாநிலங்களில் இந்த வியாபாரம் சூடுபிடிக்கிறது. இதுபற்றி 'டிராபிக் இந்தியா' அமைப்பு 2010-லேயே அறிக்கை வெளியிட்டது. ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம்.

எனவே கூட்டைப் பார்த்தால் தள்ளி நின்று பார்த்துவிட்டு சத்தம் இல்லாமல் நகர்ந்துவிட வேண்டும். போட்டோவை வெளியிடுவதாக இருந்தால் குஞ்சுகள் பறந்து போன பிறகு வெளியிடலாம். வேட்டை ஆபத்து உள்ள சில பறவைகளின் இடத்தை இ-பேர்டு ஆப்பே மற்றவர்களுக்குக் காட்டாமல் மறைத்து வைக்கிறது.

செல்போனில் பறவைக் குரலைச் சத்தமாகப் போட்டு கிட்டே வரவழைப்பதும் தப்பு. வேறு பறவை தன் இடத்துக்கு வந்துவிட்டதாக நினைத்து, அது இரை தேடுவதையும் குஞ்சுக்கு ஊட்டுவதையும் விட்டுவிட்டு ஓடி வரும்.

8. கேள்வி கேட்டால் கோபப்படாதீங்க

சென்னையில் அபூர்வமான பறவை பெயரைப் போட்டாலோ, எண்ணிக்கை ரொம்ப அதிகமாக இருந்தாலோ ஆப் உடனே விவரம் கேட்கும். பிறகு பட்டியலைச் சரிபார்க்கும் ஆட்கள் இ-மெயில் அனுப்பலாம். 'என்ன நிறம்? எவ்வளவு தூரத்தில்? போட்டோ இருக்கிறதா?' என்று கேட்பார்கள்.

'நான் பொய் சொல்றேன்னு சொல்றாங்களா?' என்று சிலர் முறுக்கிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. எல்லோரையும்தான் கேட்பார்கள். சரிபார்க்கிறவர்களும் சம்பளம் இல்லாமல் உழைப்பவர்கள்தான். பார்த்தது என்ன என்று 2 வரி மரியாதையாகப் பதில் போட்டால் போதும். தப்பாக எழுதிவிட்டோம் என்று தெரிந்தால் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். திருத்தியதால் யாரும் கேவலமாக நினைக்கப் போவதில்லை.

9. அக்கம்பக்கத்தை மதிக்கணும்

மொட்டை மாடியில் பைனாகுலரோடு நின்றால் எதிர் வீட்டு அம்மா சண்டைக்கு வராமல் இருப்பாரா? ஜன்னல் பக்கம் கருவியைத் திருப்பக்கூடாது. 'அம்மா, குருவி எண்றேன்' என்று முன்கூட்டியே சொல்லி, ஒரு தடவை அவரையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரச்சினை தீர்ந்தது. அடுத்த நாள் அவரே கூப்பிட்டு 'தம்பி, கொய்யா மரத்துல ஏதோ வந்திருக்கு பாருப்பா' என்பார்.

பெண்கள் குளிக்கும் துறை, தெருக் குழாய், மீனவர் குப்பம் போன்ற இடங்களில் கேட்டுவிட்டு நிற்பதுதான் முறை. கடற்கரைப் பறவைகளைப் பற்றி குப்பத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்த அளவு புத்தகத்தில் இருக்காது.

அடையாறு தியாசபிகல் சொசைட்டி, கிண்டி தேசியப் பூங்கா போன்ற இடங்களில் அனுமதி உள்ள நேரத்தில், அனுமதி உள்ள பாதையில்தான் போக வேண்டும். கவர்னர் மாளிகை, ராணுவ இடங்களின் சுவர் ஓரமாக கேமராவும் கையுமாக நின்றால் போலீஸ் விசாரிக்கத்தான் செய்யும். அப்போது ஆப்பைத் திறந்து பட்டியலைக் காட்டி அமைதியாகச் சொல்ல வேண்டும். போகச் சொன்னால் போய்விட வேண்டும்.

300 வருஷத்துப் பழக்கம்

பறவைக் கணக்கு சென்னைக்குப் புதிது அல்ல. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் டாக்டராக இருந்த எட்வர்ட் பல்க்லி என்ற ஆங்கிலேயர் இங்குள்ள பறவைகளைப் பற்றிய படங்களை லண்டனுக்கு அனுப்பினார். 1713-ல் வெளியான ஜான் ரேயின் பறவைப் புத்தகத்தில் சென்னைப் பறவைகள் இடம்பிடித்தன. இப்போது இருக்கும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978-ல் தொடங்கப்பட்டது. அன்றைக்கு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள். இன்றைக்கு செல்போனில் எழுதுகிறோம்.

சிட்டுக்குருவிக்கு மரப்பெட்டிக் கூடு செய்து மாட்டும் வேலையும் சென்னையில் நடக்கிறது. கூடுகள் அறக்கட்டளை பள்ளிப் பிள்ளைகளை வைத்து இதைச் செய்து வருகிறது. பிரதமர் மோடி 2024 நவம்பரில் தனது வானொலிப் பேச்சில் இதைக் குறிப்பிட்டார். உங்கள் வீட்டில் பெட்டி மாட்டினால் குருவி வந்ததா, வரவில்லையா என்று எழுதி வையுங்கள். வரவில்லை என்றாலும் எழுதுங்கள். எந்தத் தெருவில் பெட்டி பலன் தருகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

எப்போது தொடங்கலாம்?

இன்றைக்கே தொடங்கலாம். சேர்ந்து எண்ண ஆசைப்பட்டால் தமிழ்நாட்டில் 2015-ம் ஆண்டு முதல் பொங்கலை ஒட்டி பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரி நடுவில் 4 நாட்கள் உலகம் முழுக்க ஒரு கணக்கெடுப்பு உண்டு. இந்தியா இதில் 2013-ல் சேர்ந்தது. மார்ச் 20-ந்தேதி உலக சிட்டுக்குருவி தினம்.

குறைந்தது 15 நிமிஷம் ஒரே இடத்தில் நின்றோ, மெல்ல நடந்தோ எண்ணினால் போதும். வீட்டு வாசல், பஸ் ஸ்டாப், கபாலீசுவரர் கோவில் தெப்பக்குளக் கரை எது வேண்டுமானாலும் சரி. விடிந்து முதல் 2 மணி நேரம்தான் பறவை அதிகம் கண்ணில் படும்.

நாளைக்குக் காலை டீ குடிக்கும்போது கடை வாசலில் எண்ணிப் பாருங்கள். காக்கா 6, புறா 11, மைனா 2, குருவி ஒன்றும் இல்லை என்று வந்தால், அதை அப்படியே பட்டியலில் பதிவு செய்யலாம்.